பார்க்காமல் கட்டிய பச்சை நூல்

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அண்ணனை நம்பி வண்டி விட்டவர்களுக்கும் வணக்கம்.

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. நினைவு மலரில் அண்ணனைப் பற்றி நீதான் எழுத வேண்டும் என்று அண்ணி சொன்னபோது நான் மறுக்கவில்லை. எனக்கு எழுத வரும் என்பதால் அல்ல. அண்ணன் பேரில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு பழி இருக்கிறது. அது அண்ணனுடையது அல்ல. இந்த மலரை வாங்கிப் படிக்கிற நீங்கள் எல்லோரும்தான் அந்தப் பழியைக் கேட்டவர்கள், சிலர் நாலு பேரிடம் சொன்னவர்கள். ஆகவே உங்களிடம்தான் அதை இறக்கி வைக்க வேண்டும். படித்த பிறகு என்னோடு பேசப் பிடிக்காதவர்கள் பேச வேண்டாம். நினைவு நாள் பந்தியில் சாப்பிட்டுவிட்டு மட்டும் போங்கள்.

முறைப்படி பிறப்பிலிருந்து தொடங்குகிறேன்.

அண்ணன் பிறந்தது பிள்ளையார்பாளையத்தில், எங்கள் தறி வீட்டில். எனக்கு எட்டு வயது மூத்தவர். அப்பா திடீரென்று காலமானபோது அண்ணனுக்குப் பதினாறு வயது. அப்பாவின் தறியில் அண்ணன் உட்கார்ந்தார். மூன்று மாதம் கழித்து அவர் நெய்த முதல் சேலையைப் பார்த்த முதலாளி, அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அந்தத் துக்கத்திலும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்தக் கை இரும்புக்குத்தாண்டா லாயக்கு" என்றார்கள். மறு வாரமே அண்ணன் வாலாஜாபாத்தில் ஓர் அரிசி மில்லில் என்ஜின் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தார். தினமும் சைக்கிளில் போய் வந்தார். மில் என்ஜின்களின் ஹெட்டில் விரிசல் விழும்போது வெல்டிங் வைத்து ஒட்டுவதற்கு வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். அவர்கள் பக்கத்தில் நின்று நின்று அந்த வேலை அண்ணன் கைக்கு வந்தது. பத்து வருடம் கழித்து எங்கள் தெருமுனையிலேயே கடை போட்டார். பழைய மோட்டார் சைக்கிள்களின் ஹெட் என்றால் அண்ணன் கடை என்று செய்யாறு, ஆற்காடு வரை பேச்சு இருந்தது.

வண்டி ஓட்டாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஹெட் என்பது என்ஜினின் மேல்மூடி. உள்ளே எரிகிற நெருப்பை வெளியே விடாமல் அடக்கி வைத்திருப்பது அதுதான். அதில் மயிரிழை அளவு விரிசல் விட்டால் முதலில் வண்டி இழுக்காது. பிறகு கண்டபடி சூடேறும். கடைசியில், ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜின் இறுகிப் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஓட்டுகிறவர் கதி என்ன என்பது அவர் எந்த வேகத்தில் போனார், பின்னால் எந்த லாரி வந்தது என்பதைப் பொறுத்தது. நாற்பது, ஐம்பது வருடத்துப் பழைய வண்டிகளுக்குப் புது ஹெட் எளிதில் கிடைக்காது. அதனால் ஒட்ட முடிந்தால் ஒட்டுவார்கள்.

ஒட்டுவது பாதி வேலைதான். ஒட்டிய ஹெட்டை ஒரு நாள் முழுக்கச் சூட்டுச் சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட்டு, லேத்தில் கடைந்து, மட்டம் பார்த்து, அதன் பிறகு அண்ணன் ஒரு சோதனை செய்வார். பெரிய தொழிற்சாலைகளில் இதற்கென்று டப்பாவில் மருந்து வருமாம். அண்ணனுக்கு எங்கள் சித்தப்பாவின் சாயப்பட்டறை போதும். சேலைக்குப் போடுகிற அரக்குச் சாயத்தை வாங்கி வந்து ஸ்பிரிட்டில் கரைத்து ஹெட்டின் மேல் பூசுவார். அரை மணி நேரம் காத்திருப்பார். சுத்தமாகத் துடைத்துவிட்டு முகப்பவுடரைத் தூவுவார். விரிசல் இல்லையென்றால் பவுடர் வெள்ளையாகவே இருக்கும். இருந்தால், உள்ளே இறங்கிய சாயம் வெள்ளையின் மேல் சிவப்புக் கோடாக மெல்ல ஏறி வரும். கோடு வராத ஹெட்டில் மட்டும் அண்ணன் ஒரு துண்டு பச்சைப் பட்டு நூலைக் கட்டி அலமாரியில் வைப்பார். பச்சை நூல் இல்லாத ஹெட்டை ஃபிட்டர் ஏழுமலை தொட மாட்டார். பச்சை நூல் இருந்தால் ஒரு கேள்வி கேட்க மாட்டார், எடுத்து மாட்டிவிடுவார். கடையின் சட்டம் அவ்வளவுதான்.

நான் அந்தக் கடைக்கு வந்த கதை உங்களுக்குத் தெரியும். திருமணமாகி இரண்டே ஆண்டில் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தேன். ஏன் என்பது இந்த மலருக்கான விஷயம் அல்ல. வீட்டில் முடங்கிக் கிடந்தவளை அண்ணன் கடையில் உட்கார வைத்தார். வருகிறவர்களிடம் பேசுவது, எந்த வண்டியில் என்ன கோளாறு என்று எழுதிக்கொள்வது, உதிரிபாகங்களை எடுத்துக் கொடுப்பது எல்லாம் என் வேலை. அதற்கு நம் உறவில் எழுந்த கூச்சல் கொஞ்சநஞ்சமல்ல. "மெக்கானிக் கடைல போயி பொம்பளைய உக்கார வைப்பாங்களாபா" என்று கேட்கப் பெரிய மாமா வீடு தேடி வந்தார். அண்ணன் அவருக்குக் காபி கொடுத்தார், பதில் கொடுக்கவில்லை. மறுநாள் நான் உட்கார நல்ல நாற்காலியாக ஒன்று வாங்கிப் போட்டார்.

இப்போது அந்தத் தை மாதத்துக்கு வருகிறேன்.

தாமலுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயம் செய்பவர் தரணேந்திரன் நயினார். சமணக் குடும்பம். அவருடைய அப்பா வாங்கிய பழைய வண்டியை உயிராக வைத்திருந்தார். மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டியவர், வண்டியும் மாடு மாதிரிதானே என்று, ஏரிக்கரையிலிருந்து ஓட்டி வந்த சூட்டோடு அதற்கும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "மாடு சிலிர்த்துக்கும் நயினாரே, இது வெடிச்சிக்கும்" என்றார். ஹெட்டில் வால்வு உட்காருகிற வளையத்துக்குப் பக்கத்தில் விரிசல் விட்டிருந்தது. அண்ணன் ஒட்டினார், சாம்பலில் ஆறவிட்டார், கடைந்தார். சோதனை ஒன்றுதான் பாக்கி. அன்று பார்த்துச் சாயம் தீர்ந்திருந்தது.

பிற்பகலில் வாலாஜாபாத் மில்லில் என்ஜின் நின்றுவிட்டது என்று ஆள் வந்தார். அண்ணன் கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: "வரும்போது சித்தப்பா கிட்ட சாயம் வாங்கிக்கினு வரேன். அந்த ஹெட்டு அங்கியே இருக்கட்டும். நயினார் வந்தா நாளைக்கு வரச் சொல்லு."

அவர் போன ஒரு மணி நேரத்தில் நயினார் வந்துவிட்டார். தனியாக வரவில்லை. மனைவி பத்மாவும் கைக்குழந்தையும் கூட இருந்தார்கள். மாமியார் வீட்டுக்குப் போய்விட்டு பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்கள். வண்டியில் ஊர் போய்விடலாம் என்று கணக்கு. அவர்கள் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடும் வழக்கம் இல்லை. பத்மா காலையில் சாப்பிட்டது, பால் குடிக்கிற குழந்தை வேறு. நான் நாளைக்கு வாருங்கள் என்றேன். அவர் வெளியே போய் வெயிலைப் பார்த்தார், உள்ளே வந்தார். மறுபடி போய்ப் பார்த்தார்.

"இன்னாமா, ஹெட்டு அதோ கண்ணு முன்னாடி இருக்குது. மாட்டிக் குடுத்தா இருட்டறதுக்குள்ள ஊட்டுக்குப் போயிடுவோம்."

"அண்ணன் பாக்காம குடுக்க முடியாதுங்க."

"போன் போட்டுக் கேளு."

போட்டேன். மணி மேசை இழுப்பறைக்குள் அடித்தது. அண்ணன் போனை மறந்துவிட்டுப் போயிருந்தார். நயினார் சலித்துக்கொண்டு பத்மாவிடம் திரும்பி, எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்: "அவரு இருந்தா இந்நேரம் குடுத்திருப்பாரு. இதுக்கு இன்னா தெரியும், சும்மா உக்கார வச்சிருக்காங்க."

என் கோபம் உங்களுக்குத் தெரியும். எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று அம்மா சொல்வார்கள். மூக்கு வரை வந்தால் பரவாயில்லையே, அன்று கைக்கு வந்துவிட்டது. ஹெட்டை எடுத்து உள்ளே கொண்டுபோனேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளி மாதிரி பளபளவென்று இருந்தது. எனக்கு என்ன தெரியும் என்று காட்டுகிறேன் பார் என்று, டப்பாவிலிருந்து பச்சை நூலை எடுத்துக் கட்டினேன். வெளியே வந்து, "அண்ணன் காலைலயே பாத்துக் கட்டி வச்சிருக்காரு, நான்தான் கவனிக்கல" என்று சொன்னேன். முதல் பொய்யிலேயே அண்ணன் பேரை இழுத்துவிட்டேன். பச்சை நூலைப் பார்த்ததும் ஏழுமலை ஒரு வார்த்தை பேசாமல் மாட்டினார். ஐந்து மணிக்கு முன்பே அவர்கள் கிளம்பினார்கள். பத்மா என்னைப் பார்த்துச் சிரித்து, குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள்.

அண்ணன் திரும்பியது அதற்குப் பத்து நிமிடம் கழித்து. கையில் சாயப் பொட்டலம்.

"ஹெட்டு எங்கமா?"

"மாட்டி அனுப்பியாச்சி ணா."

"எத?"

ஏழுமலைதான் சொன்னார். "பச்ச நூலு கட்டியிருந்துது ணா. அதான் மாட்டினேன்."

அண்ணன் பிரிக்காத பொட்டலத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். ஏழுமலையும் பார்த்தார். அந்தப் பார்வையில் யாரும் ஒன்றும் கேட்கத் தேவையிருக்கவில்லை. "ஏறு" என்றார் அண்ணன். நான் வண்டியில் ஏறி முடிப்பதற்குள் அது தெருவில் இருந்தது.

வழி முழுக்க நயினாரின் எண்ணுக்கு அடித்துக்கொண்டே போனேன். ஓட்டுகிறவர் எப்படி எடுப்பார்? தூரத்தில் இரண்டு பேர் உட்கார்ந்த வண்டி தெரியும்போதெல்லாம் அண்ணன் முறுக்கிப் பிடிப்பார், பக்கத்தில் போனால் வேறு யாரோ. பெருஞ்சாலையில் ஏறினோம். லாரிகள் எங்களை உரசிக்கொண்டு போயின. ஓர் இடத்தில் கூட்டம் நின்றிருந்தது. அண்ணன் வேகத்தைக் குறைத்தார். கரும்புச்சாறு வண்டி. அண்ணன் ஒரு தடவை கூடத் திரும்பி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "குழந்தை யார் கைல இருந்துது?" என்று மட்டும் கேட்டார். "அவங்க மடில ணா" என்றேன். அண்ணன் இன்னும் முறுக்கினார். வெயில் எதிரே கண்ணில் குத்தியது. அவர்கள் பொழுது சாய்வதற்குள் வீடு போய்விட வேண்டும் என்று நான் எல்லாச் சாமியையும் கும்பிட்டேன்.

தாமல் ஏரி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மறுபடி ஒரு கூட்டம். இந்த முறை கரும்புச்சாறு இல்லை. வண்டி சாலை ஓரத்து மண்ணில் படுத்திருந்தது. தார் ரோட்டில் பின்சக்கரம் இழுத்த கருப்புக் கோடு நீளமாகக் கிடந்தது. முதலில் எனக்குக் கேட்டது குழந்தையின் அழுகை. என் வாழ்க்கையில் எந்தச் சத்தத்துக்கும் நான் அவ்வளவு நன்றி சொன்னதில்லை. பத்மா குழந்தையைக் கீழே விடாமல் ஒரு கையால் அணைத்துக்கொண்டு விழுந்திருந்தாள். தரையில் ஊன்றிய இன்னொரு கை முழங்கைக்குக் கீழே முறிந்திருந்தது. நயினாருக்கு முட்டியெல்லாம் ரத்தம். பின்னால் வந்த லாரிக்காரர் ஒடித்துத் திருப்பியதால் மூன்று உயிர் பிழைத்தது. அவர் யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

நயினார் அண்ணனின் சட்டையைப் பிடித்தார். "பாத்துதான் குடுத்தியாயா? சொல்லு, பாத்துதான் குடுத்தியா?"

நான் வாயைத் திறந்தேன். அண்ணன் பின்னால் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். எலும்பு வலிக்கிற பிடி.

"இல்ல நயினாரே. சாயம் இல்ல. பாக்காமயே நூலக் கட்டி வச்சிட்டு நான்தான் வெளிய போயிட்டேன். தப்பு என்னுதுதான்."

நயினார் அறைந்தார். அண்ணன் கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பத்மாவை ஆட்டோவில் ஏற்ற ஓடினார்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. யாரோ இட்லி வாங்கி வந்தார்கள். பத்மா வேண்டாம் என்று தலையசைத்தாள். அண்ணனும் சாப்பிடவில்லை. வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்து, சூரியன் வந்ததும் முதல் ஆளாகப் போய்ப் பாலும் இட்லியும் வாங்கி வந்து கொடுத்தார். அவர்கள் சாப்பிட்ட பிறகுதான் அவர் வாயில் தண்ணீர் பட்டது.

அந்த ஹெட்டைக் கழற்றியபோது வால்வு வளையம் பெயர்ந்து உள்ளே விழுந்து பிஸ்டனில் சிக்கியிருந்தது. அண்ணன் அதில் சாயம் பூசித் துடைத்து, பவுடர் தூவி, என் முன்னால் வைத்தார். அவர் ஒட்டிய இடம் வெள்ளையாகவே இருந்தது. அதற்குப் பக்கத்தில், வளையம் இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு சிவப்புக் கோடு ஏறி வந்தது. சோதனை செய்திருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும்.

நயினாரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று அழுதேன். அண்ணன் சம்மதிக்கவில்லை. "என் பேரு கெட்டா இன்னும் பத்து ஹெட்டு சரியா ஒட்டி வாங்கிப்பேன். நீதான் பண்ணன்னு தெரிஞ்சா நாளைலேர்ந்து உன்ன அந்த நாற்காலில உக்கார வுடுவாங்களா? நான் இருக்கறவரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

செய்தேன். கோழைத்தனமாக இருந்தது, ஆனாலும் செய்தேன்.

அதன் பிறகு நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். பத்து ஹெட் போதவில்லை. ஒரு வருடத்துக்கும் மேல் கடையில் ஈ ஓட்டினோம். ஒரு கல்யாணப் பந்தியில் பெரிய மாமா, "சாம்பாரப் பாத்து ஊத்துப்பா, பாக்காம எதையும் குடுத்துடப் போற" என்று பரிமாறிக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்துச் சொல்ல, பந்தியே சிரித்தது. அண்ணனும் கூடச் சிரித்தார். அடுத்த இலையில் இருந்த நான் பாதியிலேயே இலையை மூடினேன். நயினாரின் வண்டிக்கு வேறு ஹெட் தேடிச் சென்னைக்கு நாலு தடவை அலைந்து, அதே வருடத்து ஹெட்டைக் கண்டுபிடித்து மாற்றி, அண்ணனே ஓட்டிக்கொண்டு போய் அவர் வாசலில் விட்டு வந்தார். அன்றிலிருந்து விரிசல் வளையத்தைத் தொட்டுவிட்டால் ஒட்டுகிற பேச்சே இல்லை, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று வைத்துக்கொண்டார்.

யாரும் வராத அந்த நாட்களில் ஒரு காலை, அண்ணன் நூல் டப்பாவையும் சாயப் பாட்டிலையும் என் மேசை மேல் வைத்தார். "இனிமே நூல நீதான் கட்டற."

"என்ன நம்பியா?"

"பாக்காம கட்டினா இன்னா ஆகும்னு நானும்தான் பாத்தேன். ஆனா நீ கட்டினவ, மறக்க மாட்ட."

அன்று முதல் கடையை விட்டுப் போன ஒவ்வொரு பச்சை நூலும் நான் கட்டியது. ஒன்று கூடத் திரும்பி வரவில்லை. மெல்ல மெல்ல ஆட்களும் திரும்பி வந்தார்கள். ஏழாம் வருடம் நயினாரும் வந்தார்.

சிறுநீரகம் கெட்டு அண்ணன் படுத்த கடைசி மாதத்தில், ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்பவாவது சொல்லிடட்டுமா ணா?" என்று கேட்டேன். "இன்னும் இருக்கறேனேமா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சாம்பல்ல ஒரு ஹெட்டு இருந்துதே, கட்டிட்டியா?" என்றார். "இல்ல ணா. நாளைக்குத்தான் பாக்கணும்." சரி என்று தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாம் நாள் காலை போய்விட்டார்.

சுடுகாட்டிலிருந்து திரும்பிய நயினார் வாசலில் என்னிடம் வந்து கண் கலங்கச் சொன்னார்: "உங்க அண்ணன் ஆயுசுக்கும் ஒரே ஒரு தப்புதாம்மா பண்ணாரு. அத எங்க ஊட்ல யாரும் மனசுல வச்சிக்கல." நான் அழுதுகொண்டு நின்றேன். அந்த ஒன்றையும் அண்ணன் செய்யவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த ஓராண்டில் அந்த வாக்கியம் கேட்காத நாள் எனக்கு இல்லை.

நயினார் அவர்களே, பத்மா அவர்களே, நூலைக் கட்டியது நான். அறை வாங்க வேண்டியதும் நான்தான்.

இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். அண்ணிக்கும் இதுவரை தெரியாது. "அந்த வருஷம் பூரா அவரோட சண்ட போட்டேனே" என்று சொல்லி, அண்ணன் படத்துக்கு முன்னால் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து, "ஒரு எழுத்துகூட எடுக்காத, அப்படியே போடு" என்றார். என் முகத்தை இன்னும் பார்க்கவில்லை. பார்ப்பார் என்று காத்திருக்கிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். கடைசி வரை அண்ணனைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்ட அண்ணிக்கு. சாயம் கேட்டபோதெல்லாம் எதற்கு என்று கேட்காமல் கொடுத்த சித்தப்பாவுக்கு. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மாறி மாறிக் கூட வந்த தெருக்காரர்களுக்கு. எல்லாம் தெரிந்தும் பன்னிரண்டு ஆண்டுகள் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்காத ஏழுமலைக்கு. தாமல் அருகே லாரியை ஒடித்துத் திருப்பிய, பேர் தெரியாத அந்த மனிதருக்கு.

இந்த மலருக்கு ஸ்டேப்ளர் பின் அடிக்க வேண்டாம் என்று அச்சகத்தில் சொல்லிவிட்டேன். உங்கள் கையில் இருக்கும் பிரதியை நடுவில் பிரித்துப் பாருங்கள், பச்சை நூலால் தைத்திருக்கும். எல்லாப் பிரதிகளையும் நானே தைத்தேன். இந்த முறை, எழுதியதை ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டுத்தான் கட்டியிருக்கிறேன் அண்ணா.

இப்படிக்கு,
தங்கை